ஓரத்தில் குறித்த நேரம்

இன்றைக்காவது ஏதாவது சொல்லிவிடேன் அம்மா. வாயால் வேண்டாம், அது போய்விட்டது. முகத்தால் சொன்னால் போதும்.

நினைப்பு இப்படி ஓடிக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டிருந்தது. கிண்ணத்துத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, பிழிந்து, அம்மாவின் உதட்டோரத்தில் ஒற்றினாள். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் பட்டால் எரியத்தான் செய்யும். ஆனால் அம்மாவின் முகத்தில் ஒரு கோடுகூட நகரவில்லை. பக்கவாதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. அதற்கு முந்தைய எழுபத்திரண்டு வருடமும் அந்த முகம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது என்பதால் எதுவரை அம்மா, எங்கிருந்து நோய் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று டாக்டரே கேட்டார், முன்னாடி முகம் எப்படி இருக்கும் என்று. "இப்படித்தான் டாக்டர் இருக்கும்" என்று அவள் சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான்கு நாள் முன்பு அனுப்பிவிட்டார்கள். காலையில் வந்த நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்றோ நாளையோ என்று வாசற்படியில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் மருந்துக் கடைக்குப் போயிருந்தான். வாங்குவதற்கு அப்படி ஒன்றும் பாக்கியில்லை. இந்த அறையில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார அவனால் முடியவில்லை, அவ்வளவுதான்.

மூன்று மணி வெயில் திரைச்சீலை வழியாக உள்ளே வந்து சுவரில் ஒரு மஞ்சள் கட்டமாக நின்றது. திரை அசையும்போது அது பெருத்தது, பிறகு சிறுத்தது. சுவரும் மூச்சு விடுகிறது என்று தோன்றியது. அம்மாவின் மூச்சுக்கும் அதற்கும் ஒத்துப்போகிறதா என்று கொஞ்ச நேரம் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒத்துப்போகவில்லை. சுவர்தான் சீராக விட்டுக்கொண்டிருந்தது.

சுவர். அம்மாவுக்கு நீதிமன்றத்தில் அதுதான் பெயர். முப்பத்தொரு வருடம் நீதிபதியின் மேசைக்குக் கீழே, சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுருக்கெழுத்து எழுதியவள். யார் எதைச் சொன்னாலும் அந்த முகம் அசையாது, பென்சில்தான் அசையும் என்பார்கள். ஆட்டைத் திருடியவன் ஒருவன், ஆடுதான் தன் பின்னால் வந்தது என்று சாதித்தபோது வக்கீல்கள், காவலர்கள், கடைசியில் நீதிபதியே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அம்மா ஆடு பின்னால் வந்ததை எழுதி முடித்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாளாம். சுவர் மேடம் சிரித்தால் அன்றைக்குக் கோர்ட் லீவு என்று ஜூனியர் வக்கீல்கள் பந்தயம் கட்டுவார்களாம். யாரும் ஜெயித்ததில்லை.

வீட்டிலும் அந்தப் பந்தயம் இருந்தது. அப்பா சீக்கிரம் போய்விட்டார், மூன்று பேர்தான். அண்ணன் தலையில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு, அம்மாவின் மூக்குக் கண்ணாடியை வாளிக்கு மேலே மாட்டிக்கொண்டு, "அடுத்த சாட்சி" என்று சமையலறைக்குள் வருவான். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு முழுதாகப் பார்ப்பாள். அவன் எவ்வளவு நேரம் ஆடினாலும் பார்ப்பாள். முடிந்ததும், "கண்ணாடியக் கழுவி வை" என்பாள்.

ஒரு தடவை, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, அவள் கேட்டிருக்கிறாள்: ஏம்மா நீ எதுக்குமே ஒண்ணும் காட்டமாட்டேங்கிற? அம்மா புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பை நேராக்கிக்கொண்டே சொன்னாள்: "சாட்சி சொல்ல வர்றவங்க நீதிபதியப் பாத்துப் பேச பயப்படுவாங்க. வக்கீலப் பாத்தா ஆத்திரம் வரும். என்னப் பாத்துத்தான் பேசுவாங்க. என் முகம் கொஞ்சம் அசைஞ்சாலும், பேச்சு அந்தப் பக்கமா சாய ஆரம்பிச்சிடும்." பிறகு அடுத்த புடவையை எடுத்துக்கொண்டாள்.

அது வேலை. புரிந்தது. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது முகத்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வேறு முகத்தை மாட்டிக்கொண்டு வரக்கூடாதா என்று பல வருடம் நினைத்திருக்கிறாள்.

கைப்பையில் அந்தச் சீட்டு இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை, இருக்கிறது என்பது தெரிந்தது, கல் கிடக்கும் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல.

ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. சொல்லுக்கு ஒரு சீட்டு. மேலே ஆங்கிலச் சொல், கீழே தமிழ்ப் பொருள், அதற்கும் கீழே அந்தச் சொல் வழங்கும் விதத்துக்கு ஒரு வாக்கியம். அவர்களுடைய தலைமை ஆசிரியருக்கு, கண்ட இடத்தில் கமா போடுவதால், கமா சார் என்று பெயர். அவர் ஒரு விதி வைத்திருந்தார்: வாக்கியத்தை மேசையில் உட்கார்ந்து ஜோடிக்கக் கூடாது, எங்கேயோ யாருக்கோ உண்மையில் நடந்ததாக இருக்க வேண்டும். ஜோடித்ததை எப்படித்தான் மோப்பம் பிடிப்பாரோ, சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "இது கட்டினதும்மா. இந்த வாக்கியத்துல ஒருத்தரும் மூச்சு விடல."

ஆங்கிலத்தின் ஒன்பதாம் எழுத்தான ‘ஐ’ முடியும் நேரம். அவள் பங்கில் ஒரே ஒரு சொல் மிச்சம்: இம்பாஸிவ். பழைய பதிப்பில் இருந்தது இது: உணர்ச்சியற்ற, மரத்துப்போன, கல்நெஞ்சமுள்ள. பின்னால் உள்ள இரண்டையும் அடித்துவிட்டாள். உணர்ச்சியற்ற என்பது நின்றது. வாக்கியத்துக்காக ஒரு மதியம் முழுக்க யோசித்தாள். கடைசியில் கை தானாக எழுதியது: மகள் சொன்னதை அவள் உணர்ச்சியற்ற முகத்துடன் கேட்டுக்கொண்டாள். வலது மூலையில், அது நடந்த தேதியைப் போடும் இடத்தில், பதினான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி.

அந்தத் தேதியில் அவள் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து நீதிமன்றத்துக்கு ஃபோன் செய்தாள். அம்மாவை வெளியே கூப்பிட்டு வந்து ரிசீவரைக் கொடுத்தார்கள். ஏழாம் மாதம். குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது என்று அவள் சொன்னாள். வேறு மாதிரி சொல்லத் தெரியாமல் அப்படியே சொன்னாள். அந்தப் பக்கம் நீண்ட நேரம் மின்விசிறிச் சத்தம். பிறகு அம்மாவின் குரல், எப்போதும் போல:

"எத்தனை மணிக்கு?"

பதினொன்றரைக்கு என்றாள். "சரி. சாயங்காலம் வரேன்." அவ்வளவுதான். சாயங்காலம் வந்தாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் அழுதுகொண்டே எதையெல்லாமோ சொன்னாள்; அம்மா அதே முகத்துடன் ஒன்று விடாமல் கேட்டாள். ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்து வைத்தாள். அதற்குப் பிறகு பதினான்கு வருடம் அவர்கள் இருவரும் ஆயிரம் விஷயம் பேசியிருக்கிறார்கள். அந்தக் கேள்வியைப் பற்றி மட்டும் பேசவில்லை. அவளும் எத்தனையோ தடவை தனக்குள் அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள், குரலை மாற்றி மாற்றி. எந்தக் குரலிலும் அது ஒரு குமாஸ்தாவின் கேள்வியாகத்தான் இருந்தது.

தவறு, சீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தது. அதைவிடப் பெரிய தவறு, சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனது. திரும்பி வந்தபோது அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஆங்கிலமும் தமிழும் ஒரே வேகத்தில் எழுதியவளுக்குப் படிக்க ஒரு நொடி போதும். தேதியையும் பார்த்திருப்பாள். தலையில் சுற்றிய துண்டோடு அவள் அப்படியே நின்றாள்.

"இல்லைன்னு எழுதணும்னா அதுக்குச் சாட்சி வேணும்" என்றாள் அம்மா.

கோபமாகச் சொல்லவில்லை. பிழை திருத்துபவர் சொல்வதுபோல. சீட்டை இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அம்மாவின் பின்னாலேயே போயிருக்கலாம். போகவில்லை. நாளைக்குப் பேசலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள். மூன்றாம் நாள் காலையில் குளியலறை வாசலில் அம்மா விழுந்து கிடந்தாள்.

அன்றிலிருந்து சீட்டு பையில் இருக்கிறது. கொடுக்கவும் முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை. அம்மாவுக்குள் எந்த உணர்ச்சியும் இல்லையென்றால் அந்த வாக்கியம் சரி. இருந்ததென்றால், பெற்றவளைப் பற்றிப் பொய்ச்சாட்சி எழுதி, அதை அவள் கண்ணிலேயே காட்டியாகிவிட்டது. இரண்டில் எது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் இதோ மூச்சைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். மூன்று ராத்திரித் தூக்கம் பாக்கியிருந்தது. சுவரில் மஞ்சள் கட்டம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அது நாட்காட்டியைத் தொடட்டும், எழுந்துவிடலாம் என்று நினைத்தாள்.

உயரமான கூரையுள்ள ஒரு கூடத்தில் நின்றிருந்தாள். நீளமான தண்டில் தொங்கிய மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. நீதிபதி நாற்காலியில் ஆளில்லை. பெஞ்சுகளில் ஆளில்லை. கூண்டுக்குப் பக்கத்தில் அம்மா மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே, எதை எழுதுகிறாள்? பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது, புல்லில் யாரோ நடப்பதுபோல. அந்தச் சத்தம் இருக்கும்வரை எதற்கும் அவசரமில்லை என்று இருந்தது. சௌகரியமாக இருந்தது. அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். சொல்லு என்பதுபோல. அவள் வாயைத் திறந்தாள். பென்சில் நின்றது.

சத்தம் நின்றதால்தான் விழித்தாள்.

மஞ்சள் கட்டம் நாட்காட்டியைத் தொட்டிருந்தது. அவள் விரல்களுக்குள் அம்மாவின் மணிக்கட்டு சூடாகத்தான் இருந்தது. முகத்தைப் பார்த்தாள். ஒரு மாற்றமும் இல்லை. அதனால் காத்திருந்தாள், அடுத்த மூச்சுக்காக. அது வரவில்லை. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள்.

அண்ணன் படியேறி வரும் சத்தம் கேட்டது. கையில் மருந்துக் கடை உறையோடு வாசலில் நின்றவன், அவளைப் பார்த்து, பிறகு கட்டிலைப் பார்த்து, மெல்ல வந்து அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தான்.

"நாலு பத்துக்குண்ணா" என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் அது தன் காதில் விழுந்தது.

மறுநாள் எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மதியம் ஆகிவிட்டது. ஈரத் தலையோடு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். வீடு தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருந்தது அவளுக்கு. பேசுபவர்களின் வாய் முதலில் அசைந்தது, சத்தம் கொஞ்சம் தாமதித்து வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. அண்ணி ஒவ்வொருவராகப் பிடித்துக் குடிக்க வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டு மாப்பிள்ளை, அவள் கணவர், அக்கம்பக்கத்தில் வாங்கிய நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தார்.

சித்திதான் விடாமல் அழுதுகொண்டிருந்தாள். அம்மாவின் தங்கை. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே வாய். அந்த வாய் சித்தியிடம் ஒரு நிமிடம் சும்மா இருந்ததில்லை. சிரிக்கும், கோணும், பிதுங்கும். அக்காவின் பங்கையும் சேர்த்துத் தானே செலவழிப்பதாகச் சித்தி சொல்வாள். இப்போது அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

"நீயும் அவள மாதிரியே வந்துட்டடீ. நேத்துலேருந்து பாக்குறேன், ஒரு சொட்டு வரல உனக்கு. உங்க அப்பா போனப்பவும் இவ இப்படித்தான் நின்னா, ஏதோ பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி. மனசுல இருக்கறத வெளிய விட்டாத்தான கண்ணு ஆறும்?"

அவள் சித்தியின் கையைத் தடவிக்கொடுத்தாள். இருக்கிறதா இல்லையா என்றுதான் தெரியவில்லை சித்தி, எனக்கே. பஞ்சு அடைத்ததுபோல் ஏதோ இருக்கிறது. அது உணர்ச்சியா, தூக்கக் குறைவா?

இரண்டு மணிக்குக் கமா சார் ஃபோன் செய்தார். சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார். அச்சகத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், மற்றதெல்லாம் போய்விட்டது, இந்த நேரத்தில் கேட்பதற்குத் தன்னைச் செருப்பால் அடிக்க வேண்டும், அந்த ஒரு சொல்லுக்குப் பழைய பதிப்பில் உள்ளதையே போட்டுவிடட்டுமா என்றார். இன்று சாயங்காலம்வரை கொடுங்கள் சார் என்று கேட்டாள். அவர் பதறிப்போய், நாளைக் காலைவரைகூட எடுத்துக்கொள்ளச் சொன்னார். "நீ வார்த்தைய மட்டும் எழுதும்மா. கமா நான் பாத்துக்கறேன்." அது நகைச்சுவையா ஆறுதலா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. ஃபோனை வைத்துவிட்டார்.

ரிப்பன் அக்கா வந்தது அதற்குப் பிறகுதான். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர். மை நாடா மாட்டி மாட்டி விரல் எப்போதும் கறுத்திருக்கும் என்பதால் அந்தப் பெயர். அம்மா தன் குறிப்பேட்டைப் பார்த்து வாசிக்க, ரிப்பன் அக்கா தட்டுவார். இருபது வருடம் இருவருக்கும் ஒரே மேசை. இப்போது கைத்தடியோடு வந்தார். காலையிலேயே வந்திருப்பேன், முழங்கால் விடவில்லை என்று சொல்லிவிட்டு, அம்மா படுத்திருந்த வெறுங்கட்டிலின் எதிரில் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பேச்சு எதுவும் இல்லாத நேரத்தில் அவருடைய விரல்கள் முழங்கால்மேல் தட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்தாள்.

"நீதான பக்கத்துல இருந்த? எத்தனை மணிக்கும்மா?"

"நாலு பத்து."

ரிப்பன் அக்கா தலையசைத்தார். "உங்க அம்மாவா இருந்தா ஓரத்துல போட்டுருப்பா."

அவளுக்குப் புரியவில்லை. எந்த ஓரத்தில் என்று கேட்டாள்.

"நோட்டுலதான். உனக்குத் தெரியாதா?" ரிப்பன் அக்கா கொஞ்சம் ஆச்சரியப்பட்டார். பிறகு தன் வழக்கம்போல் நிதானமாக, வரி வரியாகச் சொன்னார். சுருக்கெழுத்தில் கை ஒரு நொடி நின்றால் இரண்டு வாக்கியம் போய்விடும். இருமல் வரும், பென்சில் முனை உடையும், அதெல்லாம் எல்லோருக்கும் உண்டு. அம்மாவுக்குக் கை நிற்பது வேறு விதம். சாட்சி சொல்வதில் ஏதாவது ஒன்று உள்ளே போய்த் தைத்துவிட்டால் நிற்கும். அப்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பக்கத்தின் ஓரத்தில் அந்த மணியைக் குறித்துக்கொள்வாள். அப்புறம் மேலே எழுதுவாள். கோர்ட் கலைந்ததும் பெஞ்ச் கிளார்க்கிடம் போய், இத்தனை மணிக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்டு, விட்ட இடத்தை நிரப்பிக்கொள்வாள்.

"அவ முகத்தப் பாத்து யாராலயும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. நான் ஓரத்தப் பாப்பேன். மணி இருந்தா, ஓகோ, இங்க நம்மாளுக்கு முடியாமப் போயிருக்குன்னு தெரிஞ்சுக்குவேன். ஒண்ணும் கேக்கமாட்டேன். டீ வாங்கி வெப்பேன்."

முழங்கால்மேல் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன.

"நீ ஒரு தடவ ஆஸ்பத்திரிலேருந்து ஃபோன் பண்ணினியே. ஏழாம் மாசத்துல."

அவள் தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"பேசிட்டு வந்து உக்காந்துட்டா. லீவு போடுன்னேன், பாதி விசாரணைல எழுந்தா அந்தப் பொண்ணு மறுபடி முதல்லேருந்து சொல்லணும்னா. யாரோ ஒரு சின்னப் பொண்ணு அன்னிக்குச் சாட்சி. சாயங்காலம் உன்னப் பாக்கக் கிளம்பறப்ப நோட்ட மேசைல வெச்சிட்டுப் போனா. பிரிச்சுப் பாத்தேன். அந்த மத்தியானப் பக்கத்துல எழுத்தே இல்லம்மா. மேலேருந்து கீழ வரைக்கும் மணிதான். ரெண்டு பத்து, ரெண்டு பதினொண்ணு, ரெண்டு பதிமூணுன்னு." ரிப்பன் அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். "பெஞ்ச் கிளார்க்கும் நானும் உக்காந்து ஒட்டுப்போட்டு முடிச்சோம். அவ சர்வீஸ்ல அந்த ஒரு நாள்தான்."

அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. பென்ஷன் அலுவலகத்தில் எந்த ஜன்னலுக்குப் போக வேண்டும் என்று சொன்னார். முழங்கால் வலிக்கு என்ன தைலம் நல்லது என்று சித்தியிடம் கேட்டுக்கொண்டார். ஆட்டோ வந்ததும், அவள் கையைப் பிடித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

திரும்பி வந்து அவள் வெறுங்கட்டிலில் உட்கார்ந்தாள். எத்தனை மணிக்கு? பதினான்கு வருடமாகச் சொல்லிப் பார்த்த கேள்வியை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். மின்விசிறிச் சத்தம் கேட்கும் ஒரு வராந்தா. காதில் ரிசீவர். கையில் பென்சில் இல்லை, காகிதம் இல்லை, ஓரம் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று வந்து தைக்கிறது. இப்போது நிற்க முடியாது. அப்புறம் திரும்பி வர வேண்டும். திரும்பி வருவதற்கு அம்மாவுக்குத் தெரிந்தது ஒரு வழிதான், மணியைக் குறித்துக்கொள்வது.

அவள் பையைத் திறந்து சீட்டை எடுத்தாள். உணர்ச்சியற்ற என்பதை ஒரே கோட்டில் அடித்தாள். உள்ளே உள்ளதை முகத்தில் காட்டாத என்று மேலே எழுதினாள். அடிப்பதற்கும் எழுதுவதற்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாக்கியத்தையும் அடித்தாள். புதிய வாக்கியத்துக்காகப் பென்சிலை வைத்தபோது கை நகரவில்லை. மகள் சொன்னதை அவள். அதோடு நின்றது.

"இங்க வாயேன்" என்று அண்ணன் கூடத்திலிருந்து கூப்பிட்டான்.

ஸ்டுடியோக்காரர் வந்திருந்தார். நடுத்தர வயது, காதில் பேனா. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார். சுவரில் மாட்டுவதற்கு அம்மாவின் படம் ஒன்று பெரிதாக்க வேண்டும். அவள் தன் ஃபோனில் எடுத்த ஒன்றை அண்ணன் காலையிலேயே வாங்கி அனுப்பியிருந்தான். கொடியில் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்த அம்மாவை நிற்க வைத்து எடுத்தது. சித்தியும் அண்ணியும் நாற்காலிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தியின் அழுகை நின்றிருந்தது. முகம் மலர்ந்திருந்தது.

அவளும் பார்த்தாள். திரையில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

நேற்று மதியம் கண்ட கனவின் மிச்சம் என்றுகூட நினைத்தாள். லேசான சிரிப்பு. கன்னத்தில் குழி. அதே மூக்கு, அதே கண்ணாடி, அதே நரை வகிடு, நடுவில் யாரோ விளக்கைப் போட்டதுபோல ஒரு சிரிப்பு.

"அக்கா தங்கச்சி ஆச்சே, தையல் தெரியாமப் பொருந்திடுச்சு" என்றார் ஸ்டுடியோக்காரர். ஏதோ சுற்றுலாவில் எடுத்த சித்தியின் படத்திலிருந்து வாயை எடுத்து வைத்திருக்கிறார். கண்ணோரத்தில் இரண்டு சுருக்கமும் சேர்த்தாராம். சிரித்தால் கண்ணும் சிரிக்க வேண்டும் அல்லவா என்றார். தன் வேலையில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. தப்பில்லை. நல்ல வேலைதான்.

"என் வாய் அவளுக்கு எப்படி எடுப்பா இருக்கு பாரு" என்றாள் சித்தி. "இருக்கும்போது கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

அண்ணி சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பது வயது மனிதன். ஷேவ் செய்யாத முகத்தில் வாளி கவிழ்த்த பையன் தெரிந்தான்.

"ரெண்டு நகலுக்குச் சொல்லிருக்கேன். எங்க வீட்டுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "எவ்வளவு குட்டிக்கரணம் போட்டிருப்பேன். ஒரு தடவகூட ஜெயிக்கல. இப்பவாவது ஜெயிச்சுக்கறேனே. நீ சரின்னு மட்டும் சொல்லு."

அவனுக்கு அது கிடைத்தால் என்ன? யாருக்கு நஷ்டம்? சரி என்ற சொல் வாய்வரை வந்தது. அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கண்கள் இப்போது யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தன. எதிரில் நிற்பவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிட்ட கண்கள். சமையலறையில் அடுப்பைத் தணித்துவிட்டு ஒரு வாளித்தலையனை முழுதாகப் பார்த்தவள் இதில் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று விடாமல் கேட்டவள் இல்லை. இந்தச் சிரிப்பிடம் போய் எதையும் சொல்ல முடியாது.

"வேண்டாம்ணா" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

அண்ணன் காரணத்துக்காகக் காத்திருந்தான். சித்தி அவள் தோளைத் தொட்டாள். அவள் நகரவில்லை. சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. எதைச் சொன்னாலும் அது வேறொரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்று இருந்தது. தன் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று அவளுக்கே தெரியும்.

"அம்மா இருந்தபடியே இருக்கட்டும்."

ஸ்டுடியோக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். போகட்டும் என்பதுபோல் அண்ணன் கையை லேசாக அசைத்தான். அவர் ஒரு பொத்தானைத் தட்டினார். கண்ணோரச் சுருக்கங்கள் முதலில் போயின. பிறகு கன்னத்துக் குழி. பிறகு சிரிப்பு. அம்மா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நேராகப் பார்த்தாள், அடுத்த வாக்கியத்துக்காக.

அவள் சாப்பாட்டு மேசையின் இந்த ஓரத்தில் உட்கார்ந்தாள். கையில் சீட்டு இருந்தது. பாதியில் நின்ற வாக்கியத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். சீட்டின் ஓரத்தில், சிறியதாக, ஐந்து இருபது என்று எழுதினாள்.